வாசகர் கேள்வி: இடுக்குப் பள்ளத்தாக்கு வழியே பாவெல் ஏரிக்கு

யூட்டா, அரிசோனா எல்லையில் பாவெல் ஏரிக்கு இறங்கும் இடுக்குப் பள்ளத்தாக்குகளைப் பற்றித்தான் இந்த இதழுக்கு அதிகக் கேள்விகள். அங்கே ‘ஸ்லாட் கேன்யன்’ என்பார்கள். இரு பக்கமும் செங்குத்து மணற்கல் சுவர், நடுவே சில இடங்களில் ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பினால்தான் நுழைய முடிகிற வழி. ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துவிட்டோம்.

ஆன்டிலோப் கேன்யனை வழிகாட்டியுடன் பார்த்தோம். ஒரே கூட்டம், நின்று பார்க்க விடவில்லை. அதேபோன்ற ஓர் இடுக்கில் நாங்களே நடந்து ஏரிக்கரை வரை போக முடியுமா? (பீனிக்ஸ் வாசகி)

போகலாம், ஆனால் ஆன்டிலோப்பில் அல்ல. அதன் மேல் பகுதி, கீழ்ப் பகுதி இரண்டுமே நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சிப் பகுதியான நவஹோ நேஷனின் நிலம். அங்கீகாரம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். நவஹோ நிலத்தை ஒட்டிய தென்கரையில் இன்னொரு எல்லையும் உண்டு. கடல்மட்டத்திலிருந்து 3,720 அடி உயரக் கோட்டுக்குக் கீழே கிளென் கேன்யன் தேசியப் பொழுதுபோக்குப் பகுதி, அதற்கு மேலே நவஹோ நிலம். மேலே நடப்பதற்கு நவஹோ பூங்காத் துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். வேலி இல்லை, பலகை இல்லை என்பதால் அனுமதி தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

வடகரையில் இந்தச் சிக்கல் குறைவு. முதல் முறை போகிறவர்களுக்கு எங்கள் தேர்வு வில்லோ கல்ச் என்ற பள்ளத்தாக்கு. எஸ்கலாண்டே ஊருக்கு 5 மைல் கிழக்கே 12-ஆம் நெடுஞ்சாலையிலிருந்து ஹோல்-இன்-த-ராக் மண் சாலை பிரிகிறது. அதில் 40 மைலுக்கும் மேல் உள்ளே போக வேண்டும். மணல் சரிவில் இறங்கினால் சின்னச் சின்ன இடுக்குகள் வரும், பிறகு தண்ணீர் ஓடும் ஓடை, சுமார் 2 மைலில் புரோக்கன் போ என்ற பிரம்மாண்டமான கல் வளைவு. அங்கிருந்து ஓடையை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் ஏரியின் கை ஒன்று வரும். கயிறு போட்டு இறங்கும் இடம் எதுவும் கிடையாது. தண்ணீரும் நிழலும் உண்டு. கல் வளைவோடு திரும்பினாலும் நாள் வீணாகாது, அதனால் ஏரி வரை போயே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் தானாகக் குறையும்.

அதே சாலை முடியும் இடத்தில்தான் அந்தச் சாலைக்குப் பெயர் கொடுத்த பிளவு இருக்கிறது. 1880 ஜனவரியில் மார்மன் குடியேறிகள் சுமார் 250 பேர், 80-க்கும் மேற்பட்ட மாட்டு, குதிரை வண்டிகளை, வெடி வைத்தும் உளியால் செதுக்கியும் அகலப்படுத்திய அந்தப் பிளவு வழியாகக் கொலராடோ ஆற்றுக்கு இறக்கினார்கள். இன்று பிளவின் அடிவாரத்தில் ஆறு இல்லை, ஏரிதான். தூரம் குறைவு என்றாலும் செங்குத்து. வீட்டளவு பாறைகள் சரிந்து கிடக்கின்றன, ஏறித் திரும்புவது இறங்கியதைப்போல் இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும்.

எங்களிடம் உள்ள வரைபடத்தில் பாதை ஏரியில் போய் முடிகிறது. போய்வந்த நண்பரோ, “ஏரியையே பார்க்கவில்லை, வெறும் சேறுதான்” என்கிறார். யார் சொல்வது சரி? (டல்லாஸ் வாசகர்)

இருவரும் சரி. வரைபடம் அச்சான ஆண்டில் ஏரி அங்கே இருந்திருக்கும்.

பாவெல் ஏரி இயற்கை ஏரி அல்ல. கிளென் கேன்யன் அணையின் மதகுகளை 1963 மார்ச்சில் மூடியபின் கொலராடோ ஆறு தேங்கி உருவானது. முழுக் கொள்ளளவு மட்டமான 3,700 அடியை (கடல்மட்டத்திலிருந்து) முதன்முதலில் தொட்டது 1980 ஜூனில். பெரும்பாலான வரைபடங்களில் நீலம் பூசியிருப்பது அந்த 3,700 அடிக் கோடு வரை. 2023 வசந்தத்தில் நீர்மட்டம் சுமார் 3,520 அடிக்கு இறங்கியது. முழு மட்டத்துக்கு 180 அடி கீழே! அடுத்த மூன்று மாதத்தில் பனி உருகி வந்த தண்ணீரில் 60 அடிக்கும் மேல் ஏறியது.

இந்த 60 அடி நடைக்கு என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கப் பள்ளத்தாக்குகளின் தரை மிக மெதுவாகத்தான் சரியும். 100 அடி நடந்தால் 1 அடி இறங்குகிற ஓடை என்று வைத்துக்கொள்வோம். நீர்மட்டம் 60 அடி மாறினால் கரை 6,000 அடி, அதாவது ஒரு மைலுக்கும் மேல், தள்ளிப்போகும். அதே பாதை ஏப்ரலில் மூன்று மைல், ஜூலையில் இரண்டு மைல். அதுமட்டுமா, ஏப்ரலில் நீங்கள் நடந்த அந்தக் கூடுதல் மைல் முழுக்க ஏரி விட்டுப்போன வண்டல்.

புறப்படும் வாரத்தில் அமெரிக்க நீர்வள மீட்புத் துறை அன்றாடம் வெளியிடும் பாவெல் ஏரி நீர்மட்டத்தைப் பாருங்கள். உயரக் கோடுகள் உள்ள வரைபடத்தில் அந்த எண்ணுக்குரிய கோடு உங்கள் பள்ளத்தாக்கை எங்கே வெட்டுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு குறி. அதுதான் அன்றைய கரை. 3,700 அடிக் கோடு வெட்டும் இடத்தில் இன்னொரு குறி. இரண்டுக்கும் நடுவில் இருப்பது சேற்று நிலம். அந்த இடைவெளி அரை மைலைத் தாண்டினால் ஏரியை மறந்துவிட்டு மேல் குறியோடு நடையை முடித்துக்கொள்வதே மேல். பொதுவாக நீர்மட்டம் ஜூன், ஜூலையில் உச்சத்துக்குப் போய், குளிர்காலம் முழுக்க வடிந்து, ஏப்ரல் வாக்கில் அடிமட்டத்துக்கு வரும்.

நேரில் அடையாளம் காண்பதும் எளிது. சுவரில் ஓர் உயரத்துக்குக் கீழே எல்லாம் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்திருக்கும். தண்ணீரிலிருந்த தாது உப்புகள் படிந்த கறை அது. அந்த வெள்ளைக் கோடு உங்கள் தலைக்கு மேலே போய்விட்டதென்றால் நீங்கள் பழைய ஏரியின் அடியில் நடக்கிறீர்கள்.

அந்தச் சேற்றில் முழங்கால் வரை இறங்கிவிட்டேன். மனைவி இழுத்துத்தான் வெளியே வந்தேன். புதைமணல் ஆளையே விழுங்கிவிடுமா? எப்படித் தப்புவது? (சால்ட் லேக் சிட்டி வாசகர்)

விழுங்காது. தண்ணீர் ஊறிய மணலின் அடர்த்தி மனித உடலைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இடுப்பளவுக்கு மேல் இறங்காமல் மிதப்பீர்கள். ஆனால் காலைப் பிடித்துக்கொள்ளும். அசையாமல் கிடக்கும்வரை கெட்டியாக இருக்கிற கலவை, மிதித்ததும் குழம்பாகி, பின் காலைச் சுற்றி மணல் அடர்த்தியாகப் படிந்து இறுகிவிடுகிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் 2005-ல் இதை ஆராய்ந்தவர்கள் சொன்னது: வினாடிக்கு 1 சென்டிமீட்டர் வேகத்தில் பாதத்தை வெளியே உருவ, ஒரு நடுத்தரக் காரைத் தூக்கும் அளவு விசை வேண்டும். ஆகவே இன்னொருவர் கையைப் பிடித்து நேராக மேலே இழுத்தால் கால் வருவதற்குமுன் மூட்டு கழன்றுவிடலாம். உங்கள் மனைவியின் கைக்கு நீங்கள் வந்தது அதிர்ஷ்டம்.

செய்ய வேண்டியது இது. முதுகுப் பையைக் கழற்றிப் பக்கத்தில் போடுங்கள். பின்னால் சாய்ந்து உட்காருங்கள், முடிந்தால் படுத்துவிடுங்கள். எடை பரவ வேண்டும், அழுக்குப் படுமே என்று பார்க்கக் கூடாது. சிக்கிய காலை முன்னும் பின்னும், வட்டமாகவும், சின்னச் சின்ன அசைவாக ஆட்டுங்கள். காலுக்கும் மணலுக்கும் இடையே தண்ணீர் இறங்கினால்தான் பிடி தளரும். நடைக்கோலைக் காலை ஒட்டிக் குத்தி ஆட்டினால் தண்ணீர் இறங்க வழி கிடைக்கும். ஒரு கால் வந்ததும் அதை மறுபடி ஊன்றாதீர்கள். முழங்காலை மடித்துச் சேற்றின்மேல் கிடத்தி, மற்றதை எடுத்து, தவழ்ந்தே வெளியேறுங்கள். அரை மணி நேரம் ஆகலாம், ஆகட்டும்.

உண்மையான ஆபத்து குளிர். 2019 பிப்ரவரியில் ஸயான் தேசியப் பூங்காவின் ஓடை ஒன்றில் ஒருவருடைய ஒரே ஒரு கால் முழங்காலுக்கு மேல் சிக்கியது. மூழ்கவில்லை. ஆனால் உறைபனியில் பல மணி நேரம் கிடந்து, மீட்புக்குழு வந்துதான் பிழைத்தார்.

சிக்காமல் இருக்க: மேலே பாளம் பாளமாக வெடித்து உலர்ந்திருக்கும் தரையை நம்பாதீர்கள். ஓரத்தில் நின்று கோலால் ஓங்கி ஒரு தட்டு. நாலடி சுற்றளவு அல்வாத் துண்டுபோல் அதிர்ந்தால் அடியில் கூழ்தான். பளபளவென்று ஈரம் மின்னும் வழவழப்பான இடத்தைவிடச் சரளைக்கல்லும் பருமணலும் கிடக்கும் இடம் உறுதி. ஓடையின் வளைவுகளில் சுவரை ஒட்டி, வேர் ஓடிய இடமாகப் பார்த்து நடங்கள். கால் இறங்க ஆரம்பித்தால் நின்று யோசிக்கக் கூடாது. குட்டி அடிகளாக வேகமாகப் பின்வாங்குங்கள்.

ஓடை அறுத்துக்கொண்டு போன வண்டல், இருபுறமும் பத்துப் பன்னிரண்டு அடி உயர மண்சுவராக நிற்கும். பாறைபோலத் தெரிந்தாலும் பாறை இல்லை, அடி அரித்துச் சரியும் மண். அதன் நிழலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டாம்.

வானம் நீலமாக இருக்கும்போதும் வெள்ளம் வரும் என்கிறார்கள். மிகைதானே? (ஆஸ்டின் வாசகர்)

மிகை இல்லை. 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ் ஆன்டிலோப்பில் 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் பெரிதாக மழை இல்லை. மைல்கணக்கில் மேலே, அதே நீர்ப்பிடிப்பில் பெய்தது.

மொட்டைமாடியில் மழை பெய்தால் ஒற்றைக் குழாய் வாயில் என்ன வேகத்தில் கொட்டும் என்று பார்த்திருப்பீர்கள். பாலைவனப் பாறை அந்த மொட்டைமாடி, இடுக்கு அந்தக் குழாய். உறிஞ்ச மண் இல்லை, தடுக்க வேர் இல்லை. பல சதுர மைலில் விழுந்தது எல்லாம் மூன்றடி அகலப் பிளவில் திரள்கிறது. இடுக்கை உண்டாக்கியதே அந்த வெள்ளம்தான். ஜுராசிக் காலத்து மணல்மேடுகள் இறுகி உருவான நவஹோ மணற்கல்லில் விரிசல் வழியே நுழைந்த தண்ணீர், தான் சுமந்துவந்த மணலாலேயே உப்புத்தாள் தேய்ப்பதுபோல் தேய்த்து ஆழப்படுத்தியது. அந்த வழவழப்பான அலைச்சுவர்களின் அழகில் மயங்கும்போது, அவை எப்படி வழவழப்பாயின என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஆபத்துக் காலம் ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரையிலான கோடை மழை, அதிலும் பிற்பகல். தேசிய வானிலைச் சேவை இந்தப் பகுதிப் பூங்காக்களுக்குத் திடீர் வெள்ள வாய்ப்பை நான்கு படியாகத் தினமும் சொல்கிறது: எதிர்பார்க்கவில்லை, சாத்தியம் உண்டு, வாய்ப்பு அதிகம், எதிர்பார்க்கப்படுகிறது. பலரும் ஏமாறுவது இரண்டாவது படியில். ‘சாத்தியம்தானே, நிச்சயம் இல்லையே’ என்று உள்ளே இறங்குகிறார்கள். அகலமான பள்ளத்தாக்குக்கு அந்த வாதம் செல்லும், இடுக்குக்குச் செல்லாது. முதல் படி தவிர வேறெந்த நாளிலும் இடுக்கில் இறங்காதீர்கள். 2015 செப்டம்பர் 14 அன்று ஸயானின் கீஹோல் கேன்யனில் இறங்கிய ஏழு பேரும் திரும்பவில்லை. அன்று காலையே வெள்ள வாய்ப்பு அதிகம் என்ற அறிவிப்பு இருந்தது.

முன்னறிவிப்பைப் பார்க்கும்போது ஏரிக்கரை ஊருக்குப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் ஓடை எந்தப் பீடபூமியில் பிறக்கிறது என்று வரைபடத்தில் மேல்நோக்கிப் பின்தொடர்ந்து, அந்த இடத்துக்கும் பாருங்கள். உள்ளே நடக்கையில் அடிக்கடி அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேலே இருபதடி உயரத்தில் குறுக்கே சிக்கிக் கிடக்கும் மரத்துண்டை யாரும் தூக்கி வைக்கவில்லை. வெள்ளத்தின் உயரம் அது. ஒவ்வொரு இடுக்கிலும் நுழையுமுன், கடைசியாகப் பார்த்த மேடு எது, அதற்குத் திரும்ப எத்தனை நிமிடம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது நல்ல பழக்கம்.

தெளிந்த ஓடை திடீரெனக் கலங்கினாலோ, சுள்ளியும் நுரையும் மிதந்து வந்தாலோ, மேலிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தாலோ, ரயில் வருவதுபோல் உறுமல் கேட்டாலோ பையை எடுக்கக்கூட நிற்காமல் ஏறுங்கள். ஓடையோடு கீழே ஓடி வெள்ளத்தை முந்த முடியாது. பத்தடி உயரத் திட்டு கிடைத்தாலும் போதும், ஏறி உட்காருங்கள். முதல் அலை வடிந்ததும் இறங்காதீர்கள், இரண்டாவது வரக்கூடும். தண்ணீர் இறங்கி, கலங்கல் குறைந்து, ஆழம் கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருங்கள். இரவாகிவிட்டால் இரவு அங்கேதான்.

எனக்கு 95 கிலோ எடை. இடுக்கில் மாட்டிக்கொள்வேனோ என்று பயம். (சான் ஹோசே வாசகர்)

எடையைவிட முக்கியம் நெஞ்சின் கனம், முன்னிருந்து பின்னாக. வீட்டில் கதவுக்கும் அலமாரிக்கும் இடையே பக்கவாட்டில் நின்று அளந்து பாருங்கள். ஹோல்-இன்-த-ராக் சாலையில் 26-ஆவது மைலில் உள்ள ஸ்பூக்கி இடுக்கு சில இடங்களில் 10 அங்குலம்தான், அது உங்களுக்கானது அல்ல. வில்லோ கல்ச் போன்றவற்றில் பிரச்சினை இருக்காது.

குறுகலில் பையைக் கழற்றி முன்னால் ஒரு கையில் தொங்கவிட்டுப் பக்கவாட்டில் நகருங்கள். தலையை நுழையுமுன்பே போகும் திசைக்குத் திருப்பிக்கொள்ளுங்கள், நடுவில் திருப்ப இடம் இருக்காது. நெஞ்சு மாட்டினால் மூச்சை உள்ளிழுக்காமல் மெதுவாக வெளியே விட்டால் ஓர் அங்குலம் கிடைக்கும். பல இடுக்குகள் கீழே போகப்போக ‘வி’ வடிவில் குறுகும். கால் வழுக்கினால் உடலே ஆப்பாக இறங்கி இறுகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் தரையில் நடக்க முயலாமல், முதுகை ஒரு சுவரிலும் பாதங்களை எதிர்ச் சுவரிலும் அழுத்தி, அகலமான உயரத்திலேயே நகர வேண்டும். இடுக்கின் நடுவே தொங்கி நிற்கும் பாறையைப் பிடித்துத் தொங்குமுன் தட்டி, அசைத்துப் பாருங்கள். 2003 ஏப்ரலில் யூட்டாவின் புளூஜான் கேன்யனில் ஒருவரின் கையை நசுக்கி ஐந்து நாளுக்கும் மேல் பிடித்து வைத்தது அப்படி உருண்ட ஒரு பாறைதான். எங்கே போகிறார் என்று அவர் யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

வறண்ட அருவி ஒன்றில் குதித்து இறங்கினோம், திரும்பி ஏற முடியாமல் தவித்தோம். கயிறு கொண்டுபோக வேண்டுமா? (டென்வர் வாசகி)

கொண்டுபோகலாம், ஆனால் கயிறு இருக்கும் தைரியத்தில் இறங்கக் கூடாது. ஏரிக்குப் போய் அதே வழியில் திரும்பும் நடையில் ஒரே விதி: ஏறிப் பார்க்காத இடத்தில் இறங்காதே. குழுவில் நன்றாக ஏறுபவர் முதலில் இறங்கி, உடனே திரும்பி மேலே ஏறிக் காட்டட்டும். அவரால் முடிந்தால் அடுத்து, குழுவில் ஏறவே தடுமாறுகிறவர் செய்து பார்க்கட்டும். அவராலும் முடிந்தால்தான் மற்றவர்கள். மணற்கல்லில் இறங்குவது ஏறுவதைவிடக் கடினம் என்பார்கள், ஆனால் குதிப்பது இரண்டையும்விட எளிது. அதனால்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எட்டு, பத்தடித் தடைக்கு 15 மீட்டர் பட்டைக் கயிறு போதும். ஓரடிக்கு ஒரு முடிச்சு போட்டுக்கொள்ளுங்கள். வெறும் கயிறு ஈரக் கையில் வழுக்கும். நங்கூரத்துக்குச் செடி, கொடி உதவாது. ஆள் கனத்தைவிடப் பல மடங்கு கனமான, அசையாத பாறை வேண்டும். மழை பெய்து ஒன்றிரண்டு நாள் வரை மணற்கல் வலுவிழந்திருக்கும், விளிம்பு கையோடு வந்துவிடும்.

குழிகளில் தேங்கிய தண்ணீரில் குதிக்கவே வேண்டாம். போன வாரம் பத்தடி ஆழமாக இருந்த குழியை ஒரு வெள்ளம் மணலால் நிரப்பி இரண்டடி ஆக்கியிருக்கும், மேலே பார்க்க அதே தண்ணீர்தான். வெயில் படாத குழிநீர் கோடையிலும் பல்லைக் கிட்டவைக்கும். கழுத்தளவு நீந்த வேண்டியிருந்தால் நீந்துவோர் அணியும் ரப்பர் உடை இல்லாமல் போகாதீர்கள்.

எவ்வளவு தண்ணீர்? ஏரித் தண்ணீரைக் குடிக்கலாமா? (ஹூஸ்டன் வாசகர்)

ஒருவருக்கு ஒரு நாளுக்கு 4 லிட்டர், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும். கோடையில் நடக்கும் ஒவ்வொரு மணிக்கும் முக்கால் முதல் ஒரு லிட்டர் வரை. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடலில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். அதை வெயில் மயக்கம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்துக் கெடுப்பதும் உண்டு. உப்புப் பண்டம் ஏதாவது கூடவே தின்றுகொண்டிருங்கள்.

ஏரித் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கலாம். ஆனால் ஓடை கலக்கும் முனையில் அது தண்ணீரா வண்டலா என்று தெரியாத பதத்தில் இருக்கும். நேராக வடிகட்டியில் விட்டால் இரண்டு லிட்டரில் அடைத்துக்கொள்ளும். மடக்கு வாளி ஒன்றில் பிடித்து, சிட்டிகைப் படிகாரத் தூள் கலந்து அரை மணி விடுங்கள். கொலராடோவில் படகு விடுபவர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். மேலே தெளிந்ததை மட்டும் வடிகட்டியில் ஊற்றுங்கள். பச்சைப் படலமோ பாசிக் கட்டியோ மிதக்கும் தண்ணீரைத் தொடாதீர்கள். அந்த நச்சு சாதாரண வடிகட்டியிலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது.

பாதித் தண்ணீர் தீர்ந்ததும் திரும்புவது என்பது இங்கே தப்புக் கணக்கு. போவது காலைக் குளிரில் இறக்கம், வருவது பிற்பகல் வெயிலில் மணல் ஏற்றம். மூன்றில் ஒரு பங்கு தீரும்போது திரும்புங்கள். மணலில் மணிக்கு ஒன்றரை மைலுக்கு மேல் கணக்குப் போட வேண்டாம்.

எந்தக் காலணி?

கணுக்கால் மூடிய, தண்ணீர் உடனே வடிகிற துணிக் காலணி. நீர் புகாத தோல் பூட்ஸ் வேண்டாம். மேல்வழியாக ஒருமுறை தண்ணீர் புகுந்தால் நாள் முழுக்க வெளியேறாது. ஏரியில் கால் நனைக்கும்போதும் கழற்றாதீர்கள். 2010-களின் தொடக்கத்தில் ஏரிக்குள் வந்து பெருகிய குவாக்கா சிப்பிகளின் ஓடுகள் கரையெங்கும் பிளேடுபோலக் கிடக்கின்றன.

வாடகைக் காரில் அந்த மண் சாலையில் போகலாமா? (சிகாகோ வாசகர்)

முதலில் வாடகை ஒப்பந்தத்தைப் படியுங்கள். தார் போடாத சாலையில் போனால் காப்பீடு செல்லாது என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். சாலை முழுக்கத் துணி துவைக்கும் பலகைபோல் வரிவரியாக மேடுபள்ளம். உயரமான வண்டியும், டயரில் காற்றைப் பத்து பிஎஸ்ஐ அளவு குறைத்துவிட்டுத் திரும்பும்போது நிரப்பக் கையடக்க பம்பும், முழு அளவு மாற்று டயரும் இருந்தால் பிழைப்பீர்கள். கடைசிச் சில மைல்களுக்கு நான்கு சக்கர இயக்கம் கட்டாயம். மழை பெய்தால் அந்த வண்டியும் உதவாது. பிக் வாட்டர் ஊருக்கு மேலே, வயர்கிராஸ் கேன்யனுக்குப் போகும் ஸ்மோக்கி மவுண்டன் சாலையின் சாம்பல்நிறக் களிமண் நனைந்தால் சோப்புதான். வண்டி நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் வழுக்கும். காய்வதற்கு ஒரு நாள் ஆகலாம், அதற்கான சாப்பாடும் தண்ணீரும் வண்டியில் இருக்கட்டும்.

கைபேசி ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் குதிக்கிறது. கெட்டுவிட்டதா?

கைபேசி சரியாகத்தான் இருக்கிறது. மார்ச் முதல் நவம்பர் தொடக்கம் வரை யூட்டாவிலும் நவஹோ நேஷனிலும் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளுகிறார்கள். அரிசோனாவின் மற்ற பகுதிகளில், பேஜ் ஊர் உட்பட, தள்ளுவதில்லை. எந்தக் கோபுரம் கிடைக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு, திரும்பும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் வையுங்கள்.

ஒன்பது வயது மகளை அழைத்துப் போகலாமா? (சியாட்டில் வாசகி)

தாராளமாக. இடுக்குகளில் பெரியவர்களைவிடக் குழந்தைகள் லாவகமாக நுழைவார்கள். சிக்கலே அதுதான். உங்களால் நுழைய முடியாத இடத்துக்குள் அவள் போய்விடுவாள். முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒருவர், நடுவில் குழந்தை என்ற வரிசை கலையவே கூடாது. கழுத்தில் ஒரு விசில். புரோக்கன் போவோடு திரும்பிவிடுங்கள், வண்டல் நிலத்துக்கு அழைத்துப்போக வேண்டாம். அவளுடைய இடுப்பளவும் உங்களுடைய முழங்காலளவும் ஒன்று.

போகும் வழியில் மணலின்மேல் கரிய பொருக்குப்போல் புடைத்திருப்பது வெறும் மண் இல்லை, பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்து மணலைப் பிடித்து வைத்திருக்கும் உயிருள்ள மேலோடு. ஒரு மிதி ஆற ஆண்டுக்கணக்கில் ஆகும் என்று அவளுக்குச் சொல்லிவிடுங்கள். அப்புறம் உங்களை மிதிக்கவிடாமல் அவளே பார்த்துக்கொள்வாள்.

ஏரிக்கரையில் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கினால்?

எஸ்கலாண்டே பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் இரவு தங்க இலவச அனுமதிச் சீட்டு வேண்டும். குழுவில் 12 பேருக்கு மேல் கூடாது, விறகுத் தீ கூடாது. ஏரியிலிருந்து கால் மைலுக்குள் தங்கினால் மலத்தை அதற்கான பையில் அடைத்துத் திரும்பக் கொண்டுவந்தே ஆக வேண்டும். புதைத்துவிட்டு வந்தால், அடுத்த ஜூனில் ஏறும் தண்ணீர் அதை மிதக்கவிடும். கூடாரத்தை ஓடை மணலில் போடாமல், காய்ந்த சுள்ளிக் குப்பை ஒதுங்கிய கோட்டுக்கு மேலே, கற்பாறைத் திட்டில் போடுங்கள். மணல் மெத்தென்றுதான் இருக்கும், ஆனால் அது வெள்ளத்தின் படுக்கை.

உள்ளே ஏதாவது ஆனால் யாரை அழைப்பது? (அட்லாண்டா வாசகர்)

கைபேசிச் சிக்னல் இருக்காது. செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவி வேண்டும், ஆனால் அதற்கும் வானம் தெரிய வேண்டும். இடுக்கின் அடியில் விரலளவு வானம்தான் தெரியும். ‘அனுப்பியாயிற்று’ என்று கருவி காட்டும்வரை நம்பாதீர்கள். சுவர்கள் விலகும் இடத்துக்கு யாராவது ஒருவர் நகர்ந்து, கருவியைத் தரையில் மல்லாத்தி வைத்துப் பத்து நிமிடம் காத்திருக்கட்டும். ஜிபிஎஸ் காட்டும் இடமும் உள்ளே நூறடி, இருநூறடி தப்பும். எந்த ஓடை, எந்தக் கிளை, கடைசியாகக் கடந்த அடையாளம் என்ன என்று சொற்களிலும் எழுதுங்கள்.

புறப்படுமுன் ஒரு தாளில் பள்ளத்தாக்கின் பெயர், வண்டி நிற்கும் இடம், வண்டி எண், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் தகவல் வராவிட்டால் ஷெரிஃப் அலுவலகத்தைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி ஊரில் ஒருவரிடம் கொடுங்கள். மணியை எழுதும்போது யூட்டா நேரமா அரிசோனா நேரமா என்பதையும் எழுதுங்கள்.